மணமுறிவும் தன்வரலாறும்: ஓர் அறவியல் நோக்கு

1824 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி, இலண்டன் அல்பெமார்ல் வீதியின் 50 ஆம் இலக்க இல்லத்தில், பதிப்பாளர் ஜோன் மறேயின் கூடத்தில் ஒரு கைப்பிரதி கிழித்துத் தீயிலிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னர் கிரேக்க நாட்டு மிசொலொங்கியில் காலமான பைரன் பிரபுவின் நினைவுக்குறிப்புகளே அவ்வாறு எரிக்கப்பட்டன. 1815 ஜனவரியில் நடைபெற்ற தம் திருமணத்தையும், ஓராண்டு கழிந்த சில நாள்களில் மனைவி ஐந்து வாரக் குழந்தையுடன் தம்மை விட்டு நீங்கியதையும், 1816 ஏப்ரலில் கையொப்பமான பிரிவினைப் பத்திரத்தையும் பற்றித் தம் பக்கத்து நியாயத்தை அவர் அக்குறிப்புகளில் எழுதியிருந்தார்.

எரித்த செயல் இலக்கிய உலகில் இன்றுவரை பழிக்கப்படுகிறது. முன்னின்று அதனைச் செய்வித்த நண்பர் ஹொப்ஹவுஸும் பதிப்பாளர் மறேயும் அப்பிரதியைப் படித்தும் பார்த்திராதவர்கள் என்பது பழியை மேலும் மிகுவிக்கிறது. ஆனால், எரிப்பைக் காட்டிலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, அதற்கு நான்காண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு கடிதப் பரிமாற்றமாகும். 1819 டிசெம்பர் இறுதியில் பைரன் தம்மைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு எழுதினார்: தாம் எழுதியிருப்பதை அவர் படித்துப் பார்க்கலாம், உண்மைக்கு மாறானவை இருப்பின் குறித்துக் காட்டலாம். 1820 மார்ச்சில் எழுதிய மறுமொழியில் மனைவி அதனைப் படிக்க மறுத்துவிட்டார். அத்தகைய எழுத்து எக்காலத்து வெளிவரினும் மகள் ஏடாவின் நல்வாழ்வுக்குத் தீங்காகும் என்பது அவர் கூறிய காரணம்.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பைரன் நேர்மையாக நடந்துகொண்டார் என்றே தோன்றும். எதிர்த்தரப்புக்குப் பிரதியைக் காட்ட முன்வரும் தன்வரலாற்றாசிரியர் எத்தனை பேர்? எனினும், மனைவியின் நிலையில் நின்று பார்த்தால் விடயம் வேறாகிறது. நூலின் தொடக்கம், முடிவு, நிகழ்ச்சிகளின் வரிசை, சொல்லும் தொனி ஆகிய யாவும் கணவருடையவை. மூன்று இடங்களை அவர் திருத்தினால் எஞ்சிய முந்நூறு இடங்களையும் ஏற்றுக்கொண்டவராகிவிடுவார். திருத்த மறுத்தாலோ, பின்னர் குறைகூறும் உரிமையை இழந்தவராகக் கருதப்படுவார். மணவாழ்வு இருவருக்கும் பொதுவானது. அதன் முறிவும் அவ்வாறே. அதனை ஒருவர் தம் வரலாறாக எழுதும்போது மற்றவரின் வரலாற்றையும் எழுதிவிடுகிறார். தன் வாழ்வைச் சொல்லும் உரிமை எந்த இடத்தில் முடிகிறது, பிறர் வாழ்வைக் கவர்தல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற வினா இங்கேதான் எழுகின்றது.

உண்மையைத்தானே எழுதுகிறேன் என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அவ்விடை போதாது. பொய் எழுதலாகாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சிக்கல் பொய்யற்ற எழுத்திலேயே இருக்கிறது. முறிந்துபோன ஒரு மணத்தை நினைவுகூர்பவர், முடிவை அறிந்தவராக இருந்துகொண்டு தொடக்கத்தை எழுதுகிறார். திருமணத்தின் முதல் வாரத்தில் கணவன் சொன்ன கடுஞ்சொல் ஒன்று, மணம் நிலைத்திருந்தால் மறக்கப்பட்டிருக்கும். அல்லது பின்னாளில் சிரித்துப் பேசப்படும் செய்தியாகியிருக்கும். முறிந்தபின் அதுவே முதல் அறிகுறியாக மாறுகிறது. சொல் மாறவில்லை, நாள் மாறவில்லை. பொருள் மட்டும் மாறிவிட்டது. நினைவின் இவ்வியல்பை அறியாத எழுத்தாளர் நேர்மையாளராக இருந்துகொண்டே அநீதி இழைக்கக் கூடும்.

இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கிக் குற்றங்களைத் தொகுக்கும் பழக்கத்துக்குச் சட்டமும் துணைநின்றது எனலாம். இங்கிலாந்தில் 1857 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னர், மறுமணம் செய்ய இடந்தரும் முழுமையான மணவிலக்கைப் பெறுவதற்குப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன்பின் நீதிமன்றத்தை நாடலாம் என்றாயிற்று. ஆயினும் எதிராளியின் குற்றத்தை நிறுவினாலன்றி விடுதலை இல்லை. 1971 முதல் நெடுநாட் பிரிந்து வாழ்தலும் காரணமாக ஏற்கப்பட்டது. குற்றம் சாட்டும் முறை முற்றாக நீங்கியது 2022 ஏப்ரலிலேயே. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மணவாழ்வின் கதை முறைப்பாட்டு மனுவின் வடிவிலேயே சொல்லப்பட்டு வந்தது. தன்வரலாறுகள் பல அம்மனுவின் நீட்சியாகவே அமைந்தமை வியப்புக்குரியதன்று. ஒரு வேறுபாடு உண்டு: நீதிமன்றத்தில் எதிராளியின் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார். நூலில் அது நிகழ்வதில்லை.

அப்படியாயின் மௌனமே அறமாகுமா? அவ்வாறு முடிவு கட்டுவோர் கரோலின் நோர்ட்டனின் வாழ்வை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

1827 இல் ஜோர்ஜ் நோர்ட்டன் என்பவரை மணந்த இவ்வம்மையார் எழுத்தாளர். கணவனின் அடிக்கும் உதைக்கும் ஆளானவர். 1836 இல், அன்றைய பிரதமர் மெல்பேர்ன் பிரபு தம் மனைவியுடன் முறைகேடான உறவு கொண்டார் எனக் கணவன் வழக்குத் தொடுத்தான். வழக்குத் தோற்றது. அக்காலச் சட்டப்படி அவ்வழக்கில் மனைவி ஒரு தரப்பினரே அல்லர். தம் மானத்தைப் பற்றி இரு ஆடவர் வழக்காட, அவர் வாய் திறக்க முடியாதவராய் இருந்தார். மூன்று ஆண்மக்களும் தந்தையின் உடைமைபோல் அவனிடமே இருந்தனர். சிறுவயதுக் குழந்தைகளைத் தாய் கோரி மனுச்செய்ய இடந்தந்த 1839 ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவுக்கு அவருடைய முயற்சியின் பயன். ஆனால் பிள்ளைகள் அச்சட்டம் செல்லாத ஸ்கொட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தமையால் அவருக்கே அது உடனடியாகப் பயன்படவில்லை. இளைய மகன் 1842 இல் இறந்தான். எழுதி ஈட்டிய பணமும் சட்டத்தின் கண்களில் கணவனுக்கே உரியதாயிருந்தது. இவற்றையெல்லாம் அவர் 1854 இல் வெளியிட்ட, ஆங்கிலேயச் சட்டங்களும் பெண்களும் பற்றிய நூலிலும், மறு ஆண்டு விக்டோரியா அரசிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலும் பெயர் சுட்டி எழுதினார். 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவியின் சொத்துரிமை பற்றி இடம்பெற்ற சில பிரிவுகளில் அவ்வெழுத்தின் தாக்கம் உண்டு என்பர். அவருக்கோ மணவிலக்குக் கிட்டவேயில்லை. 1875 இல் கணவன் இறந்த பின்னரே விடுதலை வந்தது.

குடும்பச் செய்தியை வெளியிற் சொல்லலாகாது என்ற விதி எல்லாருக்கும் ஒரே விதி போலத் தோன்றினும் எல்லார்மீதும் ஒரே பாரத்துடன் விழுவதில்லை. பேசாதிருத்தலால் ஒன்றையும் இழக்காதவனும், பேசாதிருந்தால் பிள்ளைகளையே இழப்பவளும் ஒரே விதிக்குள் நிற்கின்றனர். வலியவரின் மௌனம் கண்ணியமெனப் போற்றப்படுகிறது. மெலியவரின் மௌனம் அவருக்கெதிரான சாட்சியமாகப் பயன்படுகிறது. ஆகவே, எழுதலாகாது என்று பொதுப்படக் கூறும் அறவுரை, பெரும்பாலும் எழுத வேண்டியிராதவரின் அறவுரையே.

இதற்கு மறுகோடியில் நிற்பது அமெரிக்கக் கவிஞர் றொபேட் லோவெல் செய்த காரியம். 1949 இல் எழுத்தாளர் எலிசபெத் ஹாட்விக்கை மணந்த லோவெல், 1970 இல் ஒக்ஸ்போர்டுக்குச் சென்றவிடத்து வேறொரு பெண்ணுடன் வாழத் தலைப்பட்டார். 1972 இல் மணவிலக்கு நிறைவேறியது. அந்த இடைக்காலத்தில் நியூயோர்க்கிலிருந்து ஹாட்விக் எழுதிய கடிதங்களிலும் தொலைபேசியில் பேசியவற்றிலும் இருந்து பகுதிகளை எடுத்து, தம் விருப்பம்போல் மாற்றி, அவருடைய கூற்றாகவே தம் கவிதைகளில் அமைத்தார். ‘டொல்பின்’ என்ற அந்நூல் 1973 இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசையும் பெற்றது. ஹாட்விக்கிடம் இசைவு கேட்கப்படவில்லை.

லோவெலின் உற்ற தோழியான கவிஞர் எலிசபெத் பிஷப் கைப்பிரதியைப் படித்துவிட்டு 1972 மார்ச்சில் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். கவிதைகள் உயர்ந்தவை என்பதை அவர் மறுக்கவில்லை. அதனாலேயே அவரது கண்டனம் கனதி வாய்ந்ததாகிறது. கடிதங்களைப் பயன்படுத்தியதோடு அமையாமல் அவற்றை மாற்றியும் இருப்பதே அவரைப் பெரிதும் வருத்தியது. எது நிகழ்ந்தது, எது புனைந்தது என்று வாசகர் பிரித்தறிய வழியில்லை. மனைவியின் வாயில் கணவர் இட்ட சொல்லை உலகம் மனைவியின் சொல்லென்றே நம்பும். லோவெல் சில மாற்றங்களைச் செய்தார். கடிதங்கள் நூலில் நின்றன. கவிஞர் ஏட்றியன் றிச் 1973 இல் எழுதிய மதிப்புரை இச்செயலை இரக்கமற்றதென்றே கொண்டது.

நோர்ட்டனும் பெயர் சுட்டினார், லோவெலும் சுட்டினார். இருவரும் தம் மணவாழ்வையே எழுதினர். ஒன்றை ஏற்கவும் மற்றதை மறுக்கவும் மனம் ஏன் விழைகிறது? பெண் எழுதினால் நியாயம், ஆண் எழுதினால் குற்றம் என்பது விடையாகாது. நோர்ட்டன் தமக்கு நேர்ந்ததைத் தம் சொல்லிற் சொன்னார். லோவெல் தம்மால் நேர்ந்ததைப் பாதிக்கப்பட்டவரின் சொல்லிலேயே சொன்னார். ஆங்கிலேய நீதிமன்றம் 1741 இலேயே, கவிஞர் போப்பின் கடிதங்களைப் பற்றிய வழக்கில், கடிதத்தின் தாள் பெற்றவருக்கு உரியதாயினும் அதன் சொற்களை அச்சிடும் உரிமை எழுதியவரை விட்டு நீங்குவதில்லை எனத் தீர்த்திருந்தது. மணவாழ்வின் அந்தரங்கப் பேச்சுக்கும் அத்தகைய காப்பு உண்டென்று 1964 இல் ஆர்கைல் கோமகன், கோமகள் வழக்கில் கூறப்பட்டது. மணவிலக்குப் பெற்ற கோமகன் ஞாயிறு இதழொன்றில் முன்னாள் மனைவியைப் பற்றி எழுத முற்பட, நீதிமன்றம் தடைவிதித்தது. மணம் நிலைத்திருந்தபோது நம்பிக்கையுடன் சொல்லப்பட்டவை, மணம் முறிந்தமையாலோ மனைவியின் பிற்கால நடத்தையாலோ சொல்லத்தக்கவை ஆகிவிடா என்பது தீர்ப்பின் சாரம். முறிவு எதிர்காலத்தை விடுவிக்கிறதேயன்றி இறந்த காலத்தின் நம்பிக்கையை விடுவிப்பதில்லை என்ற இக்கருத்து, சட்டத்தைவிட அறவியலுக்கே நெருங்கியது.

பெயரை மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என வினவலாம். இவ்வினாவைத் தமிழிலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே கூர்மையாக ஆராய்ந்துள்ளது. அன்பின் ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடுமிடத்துத் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாதென்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. இதனைச் செய்யுள் மரபாக மட்டுமே மாணவர் பயில்கின்றனர். அதனுள் ஓர் அறநோக்கும் உறைந்திருக்கிறது. இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைப் பலருக்குச் சொல்ல வேண்டுமானால், அது எந்த இருவருடையதும் ஆகாதபடி உருமாற வேண்டும்.

பெயரை மட்டும் நீக்குதல் போதாதென்பதும் உரையாசிரியருக்குத் தெரிந்திருந்தது. நெடுநல்வாடையில் பிரிவால் வாடும் அரசியின் பெயரும் இல்லை, பாசறையில் உலவும் அரசனின் பெயரும் இல்லை. ஆயினும் வேலில் வேப்பந்தார் கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்கு உரியது. ஆகவே பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். மண வரலாற்றை நாவலென்று பெயரிட்டு, ஊரையும் தொழிலையும் மாற்றி, படிக்கும் எவரும் இன்னாரென அறியத்தக்க ஓர் அடையாளத்தை மட்டும் விட்டுவைக்கும் எழுத்தாளர் உளர். வேலின் வேப்பம்பூவை அகற்றாத அவர்கள், அகம் பாடியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

புறமாதல் குற்றமன்று. வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவியைத் துறந்து வேறொருத்தியை நாடியபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன. அவை முறிந்த மணமொன்றைப் பற்றிய பகிரங்கப் பேச்சு. ஆதலால் புறத்தில் வைக்கப்பட்டன. அங்கு அப்பேச்சு எவ்வாறு நிகழ்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. புலவர்கள் குற்றம் செய்தவனை நேரே விளித்துப் பேசுகின்றனர். அவன் கேட்கிறான், மறுமொழி கூறக்கூடியவன், நிலைமையை மாற்றக்கூடியவன். பேகனின் பெயர் பாட்டுகளிலேயே ஒலிக்கிறது. துயருற்றவளின் பெயரோ பாட்டுகளில் இல்லை, கண்ணகி என்பது அடிக்குறிப்பால் மட்டுமே தெரியவருகிறது. தமக்குப் பரிசில் வேண்டாம், அவள் துயர்தீர அவன் தேரேறிச் செல்வதே தமக்குப் பரிசில் என்று சொல்வோரும் அவருள் உண்டு. பிறர் மணத்தைப் பற்றிப் பேசிய புலவர் பேச்சின் ஊதியத்தை மறுத்தனர். பைரனின் நினைவுக்குறிப்புகளோ 2000 கினிகளுக்கு விலைபேசப்பட்டவை.

நோர்ட்டனின் எழுத்து இவ்வகையில் முழுமையான புறம். கணவன் உயிருடன் இருந்தான். பத்திரிகைகளில் மறுத்தெழுதும் வாய்ப்பும் செல்வாக்கும் அவனுக்கு இருந்தன. கேட்கப்பட்டது சட்டத் திருத்தம். புறத்தில் நிற்கத் துணிந்தவர் புறத்தின் கடமைகளையும் ஏற்றார். லோவெலின் நூல் புறத்தின் பெயர்களையும் அகத்தின் சலுகையையும் ஒருங்கே விரும்பியது. உண்மைப் பெயர், உண்மைக் கடிதம் என்னும் வலிமை அதற்கு வேண்டும். ஆனால் உண்மையா என வினவினால் கவிதைதானே என்ற புகலிடமும் வேண்டும். மணமுறிவு பற்றிய தன்வரலாறுகளில் மிகப் பல வழுக்கி வீழ்வது இந்த இடத்திலேயே. தாங்கள் அடைந்த துயரம் அந்தரங்கமானது, ஆதலால் அதனை எவரும் விசாரிக்கலாகாது என்கின்றன. அதே வேளையில், பெயருடைய ஒருவர்மீது ஊரறியத் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றன.

ஹாட்விக் என்ன செய்தார் என்பதும் அறியத்தக்கது. 1979 இல் அவர் ‘தூக்கமற்ற இரவுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். கதை சொல்பவளின் பெயர் எலிசபெத். கென்டக்கியில் கழிந்த இளமை, தாய், நியூயோர்க்கின் மலிவான விடுதி அறைகள், பாடகி பில்லி ஹொலிடே, வீட்டுவேலை செய்து தேய்ந்துபோன பெண்கள் ஆகியோர் அதில் வருகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த கணவரோ ஏறக்குறைய இல்லை. வழக்கை எதிர்பார்த்து நூலைத் திறந்தவர் ஏமாந்திருப்பர். மணமும் முறிவும் அதில் இல்லாமலில்லை. வீட்டில் ஒருவர் இல்லாதபோது அறைகள் வேறுபட்டுத் தெரிவதுபோல அவை தெரிகின்றன. நச்சினார்க்கினியர் கண்ணோட்டத்தில் இதுவும் புறமே. ஏனெனில் எலிசபெத் என்ற பெயர் நிற்கிறது. ஆனால் அவர் வேப்பம்பூவைக் கட்டியது தம் வேலில் மட்டும்.

பிள்ளைகளின் நிலை இவை எல்லாவற்றிலும் கடினமானது. முன்னாள் துணைவருக்குப் பேனா உண்டு. மறுத்தெழுத அவரால் இயலும். குழந்தை தாயின் நூலையும் தந்தையின் நூலையும் ஒருசேரத் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு வளர வேண்டும். ‘டொல்பின்’ வெளிவந்த அதே ஆண்டில் லோவெல் வெளியிட்ட இன்னொரு நூலின் தலைப்பிலேயே மகளின் பெயர் இடம்பெற்றது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பைரனின் மனைவி மகளின் நலத்தைக் காரணங்காட்டியே நினைவுக்குறிப்புகளை எதிர்த்தார். குறிப்புகள் எரிந்தன, ஆயினும் மௌனம் மகளைக் காத்ததா என்பது ஐயமே. 1830 இல் தோமஸ் மூர் பைரனின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட, அதற்கு மறுப்பாகச் சில பக்கங்களைத் தாயே அச்சிட்டு வழங்கினார். தந்தையை அறியாமல் வளர்க்கப்பட்ட ஏடா 1852 இல் முப்பத்தாறு வயதில் இறந்தபோது, அவரது விருப்பப்படியே தந்தையின் அருகில் ஹக்னல் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தாய் 1860 இல் மறைந்தார். 1869 இல் அமெரிக்க எழுத்தாளர் ஹரியட் பீச்சர் ஸ்ரோவ், அவர் தம்மிடம் அந்தரங்கமாகச் சொன்னதை ‘அட்லாண்டிக்’ சஞ்சிகையில் வெளியிட்டார். அந்தச் சஞ்சிகை ஆயிரக்கணக்கான சந்தாதாரரை இழந்தது. எரிந்த குறிப்புகளில் கணவர் என்ன எழுதியிருந்தார் என்பது மட்டும் இன்றுவரை எவருக்கும் தெரியாது.

லோவெல் 1977 செப்ரெம்பரில் நியூயோர்க்கில், விமான நிலையத்திலிருந்து ஹாட்விக்கின் இல்லத்தை நோக்கிச் சென்ற வாடகைக் காரிலேயே உயிர்நீத்தார். ஹாட்விக் 2007 இல் காலமானார். நெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அவருடைய கடிதங்கள் 2019 இல் நூலாக வெளிவந்தன. கணவர் மாற்றி எழுதிய வரிகளையும் மனைவி உண்மையில் எழுதிய வரிகளையும் அருகருகே வைத்து இப்போது ஒப்பிடலாம். நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய சொல் அவருக்கே மீண்டது எனச் சொல்வோர் உளர். அவர் எழுதியது ஒருவருக்கு. படிப்பவரோ இன்று ஆயிரம் பேர். அந்நூலை விரும்பிப் படித்த வாசகரும் அவரிடம் இசைவு கேட்டவரல்லர்.